ஐடாவின் கட்டாய விடுப்பு

ஜனவரி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டரை மணிக்கு, ஐடா தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கதவில் பூட்டு தொங்கியது. அவளிடம் சாவி இல்லை. கோலார் தங்கவயலின் கோரமண்டலில் இந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்து பதினோரு வருடங்கள் ஆகின்றன. முதலில் அவள் கைப்பையிலும் ஒரு சாவி இருந்தது. அது எப்போது தொலைந்தது என்று அவளுக்குத் தெரியாது. அவள் கிளம்பும்போதும் திரும்பும்போதும் கதவைத் திறக்க யாராவது இருந்தார்கள். அதனால் சாவி இல்லாத குறை தெரியவே இல்லை.

கணவர் இன்பராஜுக்குப் போன் செய்துவிட்டுக் காத்திருந்தாள். எதிர்வீட்டு அம்மாள் துணி காயப்போட வெளியே வந்து, இவளைப் பார்த்துச் சிரித்து, உள்ளே வந்து உட்காரும்படி கூப்பிட்டாள். அந்த அம்மாளின் பெயர் ஐடாவுக்கு நினைவுக்கு வரவில்லை. பரவாயில்லை என்று சொல்லிவிட்டாள். மூடிய தங்கச் சுரங்கத்தின் சயனைடு மண்மேட்டுப் பக்கமிருந்து காற்று அடித்தது. கண்ணில் தூசி விழுந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்ததைப் பார்த்த எதிர்வீட்டு அம்மாள் அவள் அழுவதாக நினைத்திருக்கலாம்.

ஐடாவுக்கு வயது நாற்பத்து நான்கு. பெங்களூரில் ஒரு தனியார் வங்கியின் அலுவலகத்தில் வேலை. புதிதாகக் கணக்குத் தொடங்குகிறவர்கள் கொடுக்கும் அடையாளச் சான்றுகளைச் சரிபார்த்துக் கடைசி ஒப்புதல் தரும் மேசை அவளுடையது. ஆறு வருடங்களாக அவள் தானாக ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறாள். மாமியாரை அடக்கம் செய்த மூன்றாம் நாள் போயிருக்கிறாள். மாரிகுப்பத்திலிருந்து வரும் முதல் வண்டியில் ஏறி எட்டு மணிக்குள் இருக்கையில் இருப்பாள். கடைசி வண்டியில் திரும்பி வீடு சேரப் பத்தரை ஆகும். அந்த வண்டிகளுக்கு இடையில் வேறு வண்டிகளும் இருந்தன. ரயிலில் அவளுக்குப் பழக்கமான சம்பங்கி என்ற பெண் ஒரு துணிக் கம்பெனி அலுவலகத்தில் இருந்தாள். அவள் எப்போதும் இரண்டாவது வண்டியில்தான் போவாள், ஆறு மணி வண்டியில் திரும்பிவிடுவாள். உனக்கென்ன தலையெழுத்து என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு, என் வேலை அப்படி என்று ஐடா சொன்னாள்.

உண்மையில் எட்டு மணிக்கு வரும்படி யாரும் அவளிடம் சொன்னதில்லை. கொரோனா வருடத்தில் அவளுடைய தளத்தில் பாதிப்பேரை வேலையிலிருந்து நீக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். மீதமிருந்தவர்களில் அவளும் ஒருத்தி. மேலாளர் விநாயக் அப்போது, காலையில் கூப்பிட்டால் எடுப்பது நீங்கள் ஒருவர்தான் என்று பாராட்டியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தை அவள் விடவே இல்லை. அதைக் காப்பாற்றுவதற்காகவே முதல் வண்டியைப் பிடிக்க ஆரம்பித்தாள். பயத்தில் தொடங்கியது பழக்கமாகி, பிறகு பெருமையாகவும் ஆனது. ஐடா மேடம் இல்லாமல் அந்த மேசை ஓடாது என்று மற்றவர்கள் சொல்வது அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்தத் திங்கட்கிழமை காலை அவள் கணினியைத் திறந்தபோது கடவுச்சொல் செல்லவில்லை. எட்டரைக்கு விநாயக் வந்து, அவளைத் தனியாக அழைத்து, இன்று முதல் பத்து வேலைநாட்கள் கட்டாய விடுப்பு என்றார். சில முக்கியமான மேசைகளில் இருப்பவர்களை வருடத்துக்கு ஒருமுறை முன்னறிவிப்பில்லாமல் விடுப்பில் அனுப்பி, அந்த நாட்களில் வேறொருவரை உட்காரவைத்துப் பார்ப்பார்கள். அவளுடைய மேசை இந்த வருடம்தான் அந்தப் பட்டியலில் சேர்ந்திருந்தது. இது எல்லோருக்கும் உள்ள விதிதான், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதீர்கள், நன்றாக ஓய்வெடுங்கள் என்று விநாயக் சொன்னார். மடிக்கணினியை வாங்கிக்கொண்டார். அலுவலக வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவள் எண்ணை நீக்கினார்கள். ஒன்பது மணிக்கு அவள் தெருவில் நின்றாள். எங்கேயோ தவறு செய்துவிட்டோம், அதைத் தேடத்தான் நம்மை வெளியே அனுப்பியிருக்கிறார்கள் என்ற எண்ணம் ரயிலில் வரும் வழியெல்லாம் அவளைக் குடைந்தது.

இன்பராஜ் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். ராபர்ட்சன்பேட்டையில் அவருக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஐம்பது வயதுக்கு அவர் திடமாகத்தான் இருந்தார். ஆனால் பகல் வெளிச்சத்தில் பார்த்தபோது கண்ணுக்குக் கீழே கருப்பு படிந்து, கன்னம் ஒட்டி, வேறு யாரோ போலத் தெரிந்தார்.

"இன்னா ஆச்சி? வேலை போச்சா?"

"இல்லீங்க. லீவு குடுத்திருக்காங்க. பத்து நாள்."

"நீ கேட்டியா?"

"நான் எதுக்குக் கேக்கறேன்."

அவர் பூட்டைத் திறந்தார். சாவி துளையில் நுழையாமல் இரண்டு தடவை தடுமாறியது. பைக் எங்கே என்று அவள் கேட்டாள். மெக்கானிக்கிடம் விட்டிருப்பதாகச் சொன்னார். போன ஆகஸ்டிலும் அதையேதான் சொன்னார் என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. கடையில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லி உடனே திரும்பிப் போய்விட்டார்.

மகள் டீனா சாயங்காலம் வந்தாள். பதினேழு வயது, இரண்டாம் ஆண்டு பி.யூ.சி., அதாவது பிளஸ் டூ, அறிவியல் பிரிவு. அம்மா அடுக்களையில் நிற்பதைப் பார்த்து அவள் சந்தோஷப்படவில்லை. முகம் வெளுத்தது. எத்தனை நாள் என்று கேட்டாள். பத்து என்றதும் உள்ளே போய்ப் பையை வைத்தாள். மூவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். ஐடா வைத்த குழம்பை இன்பராஜ் பழக்கமில்லாத வீட்டில் சாப்பிடுவதுபோலக் கொஞ்சமாகத் தொட்டுக்கொண்டார். எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று அவள் டீனாவிடம் மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது. அப்பாவும் மகளும் கண்ணாலேயே ஏதோ பேசிக்கொண்டார்கள். விருந்தாளி போனபிறகு பேசிக்கொள்ளலாம் என்பது போன்ற பார்வை அது.

மறுநாள் விடியும் முன் நாலு மணிக்கு ஐடாவுக்குத் தானாக விழிப்பு வந்தது. அடுப்படியில் விளக்கு எரிந்தது. இன்பராஜ் அவளுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தார். லீவு என்பது மறந்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார். அவள் போய்ப் படுங்கள் என்றாள். அவர் படுத்தார், தூங்கவில்லை. ஆறு வருடங்களாக அவர்தான் அவளுக்கு முன்னால் எழுந்து, டீ போட்டு, ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விட்டு, திரும்பக் கூட்டிவருவார். முன்பு பைக்கில். சமீப காலமாக இருவரும் நடந்தே போனார்கள். நடப்பது உடம்புக்கு நல்லது என்று அவர் சொன்னதை அவள் நம்பினாள்.

செவ்வாயும் புதனும் அவளுக்கு நரகமாகக் கழிந்தன. போனை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தாள். கடந்த மாதம் ஒப்புதல் கொடுத்த சான்றுகளை ஒவ்வொன்றாக நினைவில் கொண்டுவந்து எதில் தவறியிருப்போம் என்று தேடினாள். சம்பங்கிக்குப் போன் செய்தாள். சும்மா கிடைத்த லீவை அழுது கெடுத்துக்கொள்ளாதே, தூங்கு என்று அவள் திட்டினாள். பகலில் படுத்தால் தூக்கம் வரவில்லை. புதன்கிழமை மதியம் ஒருவழியாகத் தூங்கியவள் நான்கு மணிநேரம் கழித்து எழுந்தபோது, எந்த நாள், எந்த வேளை என்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை, ஏதாவது செய்ய வேண்டுமே என்று தக்காளி சாதம் கிளறி, டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். இன்பராஜ் கடை வைத்த நாளிலிருந்து அவள் அங்கே மதியச் சாப்பாடு கொண்டுபோனதில்லை. மணி பதினொன்று இருக்கும். கடை முன்னால் ஆதார் நகலெடுக்க நாலு பேர் நின்றார்கள். உள்ளே, மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில், கல்லூரிச் சீருடையில் டீனா உட்கார்ந்திருந்தாள்.

நின்றிருந்த நாலு பேருக்கும் நகலெடுத்துக் கொடுத்து முடியும் வரை ஐடா டிபன் டப்பாவைப் பிடித்தபடி நின்றாள். டீனா நிமிரவில்லை. கடைசி ஆள் போனதும் இன்பராஜ் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"காலேஜ் லீவா?" என்றாள் ஐடா.

"இல்ல மம்மி."

"அப்ப இங்க இன்னா பண்றே?"

டீனா அப்பாவைப் பார்த்தாள். இன்பராஜ் சட்டைக் கையை மடித்துவிட்டார். மணிக்கட்டுக்கு மேலே பழைய தீப்புண் தழும்பு ஒன்று இருந்தது. லேமினேஷன் மெஷினில் பட்டது என்று தீபாவளி சமயத்தில் சொல்லியிருந்தார். அது பொய்யில்லை. எப்படிப் பட்டது என்பதைத்தான் சொல்லவில்லை. மெஷின் சூடாக இருந்தபோது அவருக்கு ஃபிட்ஸ் வந்தது. கை அதன் மேலேயே கிடந்தது. டீனா கல்லூரியிலிருந்து திரும்பும் வழியில் கடைக்கு வந்தபோது அப்பா தரையில் கிடந்தார்.

முதல் ஃபிட்ஸ் ஜூன் மாதம் வந்தது. இந்த ஜனவரிக்குள் ஆறு தடவை ஆகியிருந்தது. கோலாரில் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டி மாத்திரை சாப்பிட்டுவந்தார். பைக் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் பைக்கை விற்றுவிட்டார். மார்க்கெட்டில் நாலு பேருக்குத் தெரிந்தால் கடைக்கு வர மாட்டார்கள் என்று பயந்தார். தனியாக இருக்கும்போது வந்துவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரியது. தீப்புண் பட்ட நாளிலிருந்து டீனா காலையில் சீருடை போட்டுக்கொண்டு கிளம்பி நேராகக் கடைக்கு வந்து உட்கார ஆரம்பித்தாள். வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் மட்டும் வகுப்புக்குப் போனாள்.

ஐடாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஏழு மாதமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு தன்னிடம் மறைத்துவிட்டார்கள் என்ற கோபம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"எப்ப மம்மி சொல்றது?" என்றாள் டீனா. அதில் கோபம் இல்லை. நிஜமாகவே பதில் தெரியாமல் கேட்பதுபோலக் கேட்டாள். "காலைல நான் எழுந்துக்கறதுக்குள்ள போயிடறே. நைட்டு வந்தா டயர்டா கீறேன்னு டாடி பேசக்கூடாதுன்றாரு. சண்டே லேப்டாப் வச்சிகினு உக்காந்துக்கறே. ஒருநாள் டாடி சொல்ல வந்தாரு. உனக்கு ஞாபகம் இருக்குதா?"

ஐடாவுக்கு நினைவு இருந்தது. ஒரு ஞாயிறு, ஆலயத்திலிருந்து வந்த பிறகு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அலுவலகக் கூட்டத்தில் இருந்தாள். இன்பராஜ் எதிரே வந்து உட்கார்ந்து, ஐடா, ஒரு விஷயம் என்றார். அவள் உள்ளங்கையை உயர்த்தி நிறுத்தினாள். கூட்டம் முடிந்ததும் என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை, சாப்பிடு என்றார் அவர். அவள் சாப்பிட்டாள்.

தக்காளி சாதத்தை யாரும் தொடவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் அதைத் தன் கண்ணால் பார்த்தாள். இன்பராஜ் பல் துலக்கிவிட்டு வந்தவர், நிலைப்படியில் நின்று, யாரோ கூப்பிட்டதுபோல ஒருபக்கமாகத் தலையைத் திருப்பினார். பிறகு மரம் சாய்வதுபோல விழுந்தார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரம் நுரை. ஐடா கத்திக்கொண்டே பீரோ சாவியை எடுத்துவந்து அவர் கையில் திணிக்கப் போனாள். சின்ன வயதில் அப்படிச் செய்வதைப் பார்த்திருந்தாள்.

டீனா அறைக்குள்ளிருந்து ஓடிவந்தாள். சாவியைத் தட்டிவிட்டாள்.

"ஒண்ணும் குடுக்காத மம்மி. கையப் புடிக்காத, தள்ளிக்கோ. டைம் பாரு."

தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்தாள். பக்கத்திலிருந்த நாற்காலியைக் காலால் தள்ளினாள். இழுப்பு நின்றதும் அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்து, டாடி, டாடி, வீட்லதான் கீறீங்க, நான் டீனா என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். குரல் ஒரு நர்ஸின் குரல்போல இருந்தது. எத்தனை நிமிடம் என்று அம்மாவிடம் கேட்டாள். ஐடா கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. டீனா தானே மனதில் எண்ணியிருந்ததைப் போனில் குறித்துவைத்தாள்.

அன்றே மூவரும் கோலாருக்குப் போனார்கள். டாக்டர் நடுத்தர வயதுக்காரர், கன்னடத்திலும் தமிழிலும் மாறிமாறிப் பேசினார். எப்படி ஆரம்பிக்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு நேரம், முன்னால் என்ன சாப்பிட்டார், மாத்திரை விட்டுப்போனதா என்று கேட்டதற்கெல்லாம் டீனா பதில் சொன்னாள். நீங்கள் மனைவிதானே, நீங்கள் என்ன கவனித்தீர்கள் என்று டாக்டர் ஐடாவைக் கேட்டார். ஐடா டீனாவைப் பார்த்தாள். பத்தாயிரம் முன்பின் தெரியாத ஆட்களின் முகத்தையும் பிறந்த தேதியையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒப்புதல் கொடுத்தவள் அவள்.

மாத்திரை சரியாகத்தான் சாப்பிடுகிறார், அப்புறமும் ஏன் அடங்கவில்லை என்று யோசித்த டாக்டர் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். எப்போது படுப்பார், எப்போது எழுவார். இன்பராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னார். பதினொன்றரைக்குப் படுப்பது, மூன்றே முக்காலுக்கு எழுவது. டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். இத்தனை தடவை வந்திருக்கிறீர்கள், இதை ஏன் சொல்லவில்லை என்றார். நைட் ஷிப்ட் வேலையா?

"ஷிப்ட்லாம் இல்ல டாக்டர். ஜெராக்ஸ் கடை."

"மம்மியோட ஷிப்ட் டாக்டர்," என்றாள் டீனா. "டாடியும் கூடவே பண்றாரு."

டாக்டர் சிரிக்கவில்லை. மாத்திரையைவிட இவருக்குத் தூக்கம் முக்கியம், ஏழு எட்டு மணி நேரம் தூங்காவிட்டால் மூளை இப்படித்தான் திருப்பி அடிக்கும், மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை என்றார். அதை அவர் யார்மீதும் குற்றமாகச் சொல்லவில்லை. ஐடாவால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. திரும்பும் பஸ்ஸில் இன்பராஜ் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அவர் பகலில் தூங்கி அவள் பார்த்ததே இல்லை. பங்காருபேட்டை தாண்டிப் பஸ் குலுங்கியபோதெல்லாம் அவள் அவருடைய தலையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் வந்து அவரிடம் கேட்டாள். ஏன் எனக்காக எழுந்தீங்க, நான் தனியாப் போயிருக்க மாட்டேனா என்று.

"அந்த அரைமணி நேரந்தான் நீ கெடைக்கறே," என்றார்.

திங்கட்கிழமை அவள் கல்லூரிக்குப் போனாள். டீனாவின் வருகைப்பதிவு ஐம்பத்தெட்டு சதவீதம். எழுபத்தைந்து இருந்தால்தான் தேர்வு எழுத முடியும். எச்சரிக்கைச் செய்தி மூன்று முறை அப்பாவின் போனுக்குப் போயிருக்கிறது. ஐடா மருத்துவச் சீட்டுகளைக் காட்டிக் கெஞ்சினாள். மகளுக்கு உடம்பு சரியில்லாமல் போயிருந்தால் மேலிடத்துக்கு எழுதலாம், அப்பாவுக்கு என்றால் வழியில்லை, ஆனாலும் எழுதிப் பார்க்கிறேன் என்று முதல்வர் சொன்னார். எழுதினார். பிப்ரவரியில் முடியாது என்று பதில் வந்தது. டீனாவுக்கு ஒரு வருடம் வீணாகிவிட்டது.

ஆனால் அது பின்னால். அந்தத் திங்களன்று கல்லூரியிலிருந்து வெளியே வந்தபோது, நான் எப்படியாவது சரி பண்றேன் என்று ஐடா மகளிடம் சொன்னாள்.

"நீ பத்து நாள் இருப்பே," என்றாள் டீனா. "அப்புறம்?"

மிச்சமிருந்த நாட்களில் டீனா வகுப்புக்குப் போனாள், ஐடா கடையில் உட்கார்ந்தாள். இன்பராஜ் முதல் இரண்டு நாள் வெட்கப்பட்டார். அப்புறம் மதியத்தில் பெஞ்சில் படுத்துத் தூங்கினார். ஐடா போனைப் பார்க்காமல் இருக்கப் பழகினாள் என்று சொல்ல முடியாது. பார்த்தாள், ஆனால் மணிக்கு ஒருமுறை. விடுப்பின் எட்டாம் நாள் வாக்கில் கழுத்தின் பின்பக்கம் இருந்த வலி இல்லாததைக் கவனித்தாள். அது வலி என்பதே அப்போதுதான் தெரிந்தது. சாப்பாட்டுக்கு ருசி வந்தது. எதிர்வீட்டு அம்மாளின் பெயர் ரூபா என்று தெரிந்துகொண்டாள். ரூபாவுக்கு ஜூன் மாதத்திலிருந்தே எல்லாம் தெரியும். முதல்முறை ஆட்டோ பிடித்துக் கொடுத்தவளே அவள்தான். இத்தனை அருகில் இருந்தும் தனக்கு மட்டும் தெரியாமல் போனதை ஐடா எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் ரூபாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விடுப்பு முடிந்து அலுவலகம் போனபோது அவளுடைய மேசை ஒழுங்காக இருந்தது. அவளிடத்தில் உட்கார்ந்திருந்த சரத் என்ற இளைஞன் பத்து நாள் வேலையையும் தேங்கவிடாமல் முடித்திருந்தான். ஒரு தவறும் கண்டுபிடிக்கவில்லை என்று விநாயக் சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். மாறாக, ஏமாற்றமாக இருந்தது. தான் இல்லாவிட்டால் நின்றுவிடும் என்று ஆறு வருடமாக நம்பிய மேசை, தான் இல்லாமலும் ஓடியிருக்கிறது.

அன்று மாலையே விநாயக்கிடம் பேசினாள். இனி இரண்டாவது வண்டியில்தான் வர முடியும், ஐந்தேகாலுக்குக் கிளம்பிவிடுவேன், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் இருக்க மாட்டேன். விதிப்படி அவ்வளவுதான் வேலைநேரம் என்பதால் அவரால் மறுக்க முடியவில்லை. ஏப்ரலில் அவளுக்குத் தர நினைத்திருந்த குழுத்தலைவர் பொறுப்பை மட்டும் இனி வேறு ஒருவருக்குத்தான் தர வேண்டியிருக்கும் என்றார். அவள் சரி என்றாள். பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதாள். கைவிட்ட அந்தப் பதவிக்காகவா, கைநழுவிக்கொண்டிருந்த டீனாவின் வருடத்துக்காகவா, எதற்காக அழுகிறோம் என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஏப்ரலில் அந்தப் பொறுப்பு சரத்துக்குப் போனது. அவனுக்கு வாழ்த்துச் சொன்ன இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்பராஜுக்கு மார்ச்சில் ஒருமுறை ஃபிட்ஸ் வந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை இல்லை. ஒன்பதரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிறார். இன்னும் ஒரு வருடம் வராமல் இருந்தால் மருந்தைக் குறைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவருக்கு இப்படி ஒரு நோய் இருப்பதைப் பக்கத்துக் கடைக்காரர் எட்மண்டிடம் ஐடா சொல்லிவைத்தாள். வாடிக்கையாளர் யாரும் குறையவில்லை. இத்தனை நாள் பயந்தது இதற்கா என்று இன்பராஜ் தன்னையே நொந்துகொண்டார்.

டீனா ஜூனில் மறுபடியும் அதே வகுப்பில் சேர்ந்தாள். கூடப் படித்தவர்கள் பெங்களூர்க் கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். ஒரு வயது சின்னவர்களோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அம்மாவிடம் மரியாதையாகப் பேசினாள், தேவைக்கு மட்டும் பேசினாள். எட்டரை மணிக்கே வீடு வந்து சேரும் அம்மாவோடு என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஐடா வற்புறுத்தவில்லை. வற்புறுத்தும் உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தாள்.

இப்போது ஐடா மாதம் ஒருநாள் விடுப்பு எடுக்கிறாள். காரணம் என்ற இடத்தில் சொந்த வேலை என்று எழுதுகிறாள். ஜூலையில் அப்படி ஒரு புதன்கிழமை, இன்பராஜை வீட்டில் படுக்கச் சொல்லிவிட்டுக் கடையைப் பார்த்துக்கொண்டாள். நாலு மணிக்கு மெஷினில் காகிதம் சிக்கிக்கொண்டது. எப்படி எடுப்பது என்று தெரியாமல் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தபோது டீனா கல்லூரி முடிந்து வந்தாள். பையை இறக்கிவைத்துவிட்டு, பக்கவாட்டுக் கதவைத் திறந்து, பச்சைப் பிடியைத் திருப்பி, கசங்கிய தாளை வெளியே இழுத்தாள். யாரோ கொடுத்துவிட்டுப் போன நோட்ஸ் நகல்களை அடுக்கி ஸ்டேப்லர் போட ஆரம்பித்தாள். பத்துப் பதினைந்து செட் ஆனபிறகு, தலை நிமிராமலே பேசினாள்.

"போன வருஷம் கிளாஸ்ல உக்காந்துகினு இருப்பேன். போன் ஆடும். டாடிதான்னு நெனச்சி பெஞ்சுக்குக் கீழ ஒளிச்சி எடுப்பேன். எடுத்துப் பாத்தா ரீசார்ஜ் மெசேஜா இருக்கும்."

ஐடா மெஷினின் மூடியைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"ஒருநாள் ஃபிட்ஸ் வந்து டாடிக்கு என்னையே தெரியல மம்மி. நீ யாருன்னு கேட்டாரு. பத்து நிமிஷம். நான் உனக்கு போன் பண்ணேன். நீ கட் பண்ணிட்டு, அப்புறம் பேசறேன்னு மெசேஜ் அனுப்பினே. நான் அழிச்சிட்டேன்."

அந்த நாள் எது என்று ஐடாவுக்கு நினைவில்லை. அப்படிப்பட்ட செய்திகளை அவள் நூறு அனுப்பியிருப்பாள். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தாள். டீனா இன்னும் முடிக்கவில்லை என்று தெரிந்து மூடிக்கொண்டாள்.

ஒருவர் கையில் பாஸ்போர்ட்டோடு வந்து, இரண்டு காப்பி என்றார். பத்து நிமிஷம் கழிச்சி வாங்கண்ணா என்றாள் ஐடா. அவர் மெஷினையும் சும்மா உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே தெருவின் எதிர்ப்பக்கக் கடைக்குப் போனார். டீனா ஸ்டேப்லரைக் கீழே வைத்தாள். ஸ்டூலை அம்மாவின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, அந்த நாளில் நடந்ததை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.